‘அந்த கையில எதையும் தூக்காதீங்க’னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பத்தி உங்க பத்திரிகைல வந்த கட்டுரைய படிச்சேன். கட்டி எப்படி இருக்கும், எப்ப டாக்டர்கிட்ட போகணும், மேமோகிராம்னா என்ன, பயந்துகிட்டு தள்ளிப்போடாதீங்கனு எல்லாமே தெளிவா இருந்துச்சு, நல்ல கட்டுரை, தெரிஞ்சவங்க நாலு பேருக்கு அனுப்பியும் வச்சேன். ஆனா சிகிச்சை முடிஞ்சதும் இயல்பு வாழ்க்கைக்கு திரும்பிடலாம்னு ஒரே வரியோட முடிச்சிட்டீங்க. அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு இருக்குனு சொல்லத்தான் இந்த லெட்டர். நானும் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன்னு எல்லாத்தையும் பாத்தவ. நீளமா இருந்தா வெட்டிக்கங்க, வெயிட் தூக்குற விஷயத்த மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

சிகிச்சை நடக்கும்போது யாராவது நம்மள பாத்துக்கிட்டே இருப்பாங்க. ரத்தம் எடுப்பாங்க, நர்ஸ் வந்து எப்படிம்மா இருக்கீங்கனு கேப்பாங்க, அடுத்து எந்த தேதினு ஒரு சீட்டு கைல இருக்கும். அது முடிஞ்சதும் மூணு மாசம் கழிச்சு வாங்கனு அனுப்பிடுறாங்க. வீட்ல எல்லாருக்கும் பெரிய நிம்மதி, அப்பாடா முடிஞ்சுதுனு அவங்கவங்க வேலைக்கு திரும்பிடுறாங்க, அது நியாயம்தான், அவங்களும் எத்தன மாசம் தூங்காம அலைஞ்சாங்க. ஆனா நமக்கு அப்பதான் ஆரம்பிக்குது. ஆபரேஷன் பண்ணின பக்கத்து கை தோளுக்கு மேல போகாது, நெஞ்சுல தோல் இழுத்துப் பிடிக்கும், அக்குளும் மேல்கை உள்பக்கமும் மரத்துப்போய் யாரோ ஒருத்தர் கைய தொடுற மாதிரி இருக்கும், ராத்திரி பூரா தூங்கி எழுந்தாலும் அசதி அப்படியே உக்காந்திருக்கும். கீமோல சில மருந்துக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கும். அப்புறம் லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சா காலைல எந்திரிக்கும்போது முட்டியும் விரல் மூட்டும் பிடிச்சுக்கும், எலும்பும் மெலிய ஆரம்பிக்கும். இதெல்லாம் ஒருத்தருக்கே எல்லாம் வராது, ஆனா எதுவுமே வராதவங்கள நான் இன்னும் பாக்கல.

இந்த நிலைமைல நமக்கு கிடைக்கிற அறிவுரை என்னன்னா நல்லா ரெஸ்ட் எடுங்க, அந்த கைல எதையும் தூக்காதீங்க. டாக்டர் ஒரு தடவ சொல்வாரு, வீட்ல நூறு தடவ சொல்வாங்க. வாளி தூக்கக்கூடாது, பை தூக்கக்கூடாது, பேரப்பிள்ளைய தூக்கக்கூடாது. எனக்கு பிள்ளைய தூக்கக்கூடாதுனு சொன்னதுதான் ரொம்ப வலிச்சுது. பாசத்துலதான் சொல்றாங்க, எனக்கு தெரியாம இல்ல. ஆனா வருஷக்கணக்கா அந்த கைய சும்மா வச்சிருந்தா கை இன்னும் பலவீனமாகும், தோள் இறுகும், அப்புறம் ஒரு நாள் அவசரத்துக்கு எதையாவது தூக்கும்போது அந்த பலவீனமான கைக்கு அதுவே தாங்காது. பாதுகாக்கறோம்னு நெனச்சு செய்யிறதே கெடுதலா முடியுது.

இந்த பயம் எங்கிருந்து வந்துச்சுனு சொல்றேன். ஆபரேஷன்ல அக்குள்ல இருக்குற நிணநீர் முடிச்சுகள எடுப்பாங்க (நிணநீர்னா உடம்புல ஓடுற ஒரு தெளிவான திரவம், அத வடிகட்டுற சின்ன முடிச்சுங்க இது), சிலருக்கு ஒண்ணு ரெண்டு, சிலருக்கு நிறைய. அதுமேல ரேடியேஷனும் விழும். கையிலருந்து நிணநீர் திரும்பி போற வழியே அதுதான், வழி கொறஞ்சதும் சிலருக்கு தண்ணி தேங்கி கை வீங்கிடும், லிம்ஃபெடிமானு சொல்வாங்க. ஒரு தடவ வந்துச்சுன்னா முழுசா போகாது, பாத்து பாத்து வச்சுக்கணும். அதனால கைக்கு வேலை குடுத்தா வீக்கம் வரும்னு டாக்டருங்களே ரொம்ப காலமா நம்பினாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, ரத்தத்த தள்ள இதயம் இருக்கு, நிணநீருக்கு அப்படி தனியா ஒரு இதயம் கிடையாது. அந்த குழாய்ங்க தானா கொஞ்சம் சுருங்கும், மிச்ச வேலைய நாம கைய அசைக்கும்போது தசையும், மூச்சு இழுத்து விடும்போது நெஞ்சும்தான் செய்யுது. அசைக்காம வச்சிருந்தா எது அத தள்ளும்?

இத நேரடியா சோதிச்சுப் பாத்தவர் கனடாவுல வான்கூவர்ல இருக்குற பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தோட ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர் டான் மெக்கென்சி. 1996ல மார்பகப் புற்றுநோய் வந்த 24 பெண்கள சேத்து டிராகன் படகு ஓட்ட வச்சாரு. நீளமான படகு, எல்லாரும் ஒரே தாளத்துல துடுப்பு போடணும், கையும் தோளும் முதுகும் திரும்பத் திரும்ப வேலை செய்யும், அதாவது எதெல்லாம் செய்யவே கூடாதுனு சொல்லிட்டிருந்தாங்களோ அதேதான். நேரா தண்ணில எறக்கிவிடல, முதல்ல ஜிம்ல உடம்ப தயார்பண்ணி, கொஞ்சம் கொஞ்சமா கூட்டித்தான் படகுக்கு கொண்டுபோனாரு. யாருக்கும் புதுசா கை வீக்கம் வரல. 1998ல கனடா மருத்துவ சங்கத்தோட இதழ்ல அத எழுதினாரு. அந்த ஒரு படகுலருந்து ஆரம்பிச்சு இன்னிக்கு எத்தனையோ நாட்டுல இந்த மாதிரி பெண்கள் டீம் இருக்கு, 2010ல அவங்களுக்குனு ஒரு சர்வதேச அமைப்பே வந்துருச்சு, 2018ல இத்தாலில ஃபுளோரன்ஸ்ல எல்லாரும் ஒண்ணா கூடினாங்க. அந்த விழாக்கள்ல படகுங்கள எல்லாம் பக்கத்துல பக்கத்துல சேத்து பிடிச்சுக்கிட்டு, நம்மளோட இல்லாம போனவங்க நெனப்புல தண்ணில பூ விடுவாங்களாம். போட்டிக்கு வந்த எடத்துலயும் அத மறக்காம செய்யறாங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

24 பேர வச்சு எப்படி சொல்றதுனு கேக்குறவங்களுக்கு அடுத்தது. அமெரிக்கால கேத்ரின் ஷ்மிட்ஸ்னு ஒரு விஞ்ஞானி, ஏற்கனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள ரெண்டு பிரிவா பிரிச்சு ஒரு பிரிவுக்கு மட்டும் வாரத்துக்கு ரெண்டு நாள் வெயிட் பயிற்சி குடுத்தாங்க, ஒரு வருஷம். ரொம்ப சின்ன எடைல ஆரம்பிச்சு, அறிகுறி எதுவும் இல்லன்னா மட்டும் கொஞ்சமா கூட்டுறது, பயிற்சி பண்ணும்போது கைய அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான துணி ஸ்லீவ் போட்டுக்கறது, முதல் 13 வாரம் கத்துக்குடுக்க ஆள் கூடவே இருப்பாங்க. 2009ல முடிவு வந்துச்சு, வெயிட் தூக்கினவங்களுக்கு வீக்கம் கூடல. அதுமட்டும் இல்ல, வீக்கம் திடீர்னு மோசமாகி தெரபிக்கு ஓடவேண்டிய நிலைமை வெயிட் தூக்காதவங்கள்ல 29 சதவீதம் பேருக்கு வந்துச்சு, தூக்கினவங்கள்ல 14 சதவீதம்தான். அடுத்த வருஷமே வீக்கம் இல்லாத 154 பெண்கள வச்சு பாத்தாங்க, அதுலயும் வெயிட் தூக்கினதால யாருக்கும் அதிகமா வீக்கம் வந்ததா தெரியல. அஞ்சும் அதுக்கு மேலயும் முடிச்சு எடுத்தவங்கள தனியா பாத்தா, தூக்காதவங்கள்ல 22 சதவீதம் பேருக்கு வீக்கம், தூக்கினவங்கள்ல 7 சதவீதம். யார் ரொம்ப பயப்படணும்னு நெனச்சோமோ அவங்களுக்கே நல்லது நடந்திருக்கு. இது வந்து இத்தன வருஷம் ஆச்சு சார், இன்னும் எங்கள கைய தூக்காதீங்கனுதான் அனுப்புறாங்க, இதுதான் எனக்கு தாங்கல.

அதுக்காக நாளைக்கே போய் கிடைச்சதெல்லாம் தூக்குங்கனு நான் சொல்லல. இங்கதான் விஷயமே இருக்கு, சொல்லிக்குடுக்க ஆள் வேணும். பிரிட்டன்ல 2021ல வெளிவந்த ஒரு ஆய்வுல, கைல பிரச்சன வரக்கூடிய வாய்ப்பு அதிகம் இருந்த 392 பெண்கள எடுத்து, பாதி பேருக்கு ஆபரேஷன் முடிஞ்சு 7 லருந்து 10 நாளுக்குள்ளயே ஃபிசியோதெரபிஸ்ட் மூலமா பயிற்சி ஆரம்பிச்சாங்க. முதல்ல தோள மெதுவா அசைக்கிறது, ஒரு மாசம் கழிச்சுதான் பலத்துக்கான பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா வெறும் அச்சடிச்ச தாள் மட்டும் வாங்கிட்டு போனவங்கள விட இவங்க கை நல்லா வேலை செஞ்சுது. அந்த தாள் என்கிட்டயும் இருக்கு, கோடு போட்ட பொம்மை படம் போட்டு, செவுத்துல விரல வச்சு மேல ஏத்துங்கனு. சரியா பண்றோமா தப்பா பண்றோமா, இழுக்கறது நல்ல இழுப்பா கெட்ட இழுப்பானு தாள்கிட்ட எப்படி கேக்கறது?

கூடவே இதையும் சொல்லிடணும், எலும்புக்கு பரவியிருந்தா, ரத்த அணுக்கள் ரொம்ப கொறஞ்சிருந்தா, காய்ச்சல் இருந்தா, கீமோ மருந்தால இதயம் பலவீனமாயிருக்குனு எக்கோங்கற இதய ஸ்கேன்ல சொல்லியிருந்தா, அவங்களோட பயிற்சிய அவங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். கை திடீர்னு கனமா தெரிஞ்சாலோ, மோதிரம் வளையல் இறுகினாலோ, தோல் செவந்து சூடா இருந்தாலோ அன்னிக்கே போய் காட்டணும், பாப்போம்னு விடக்கூடாது.

அசதிய பத்தி ஒரு வார்த்தை. அசதியா இருக்கும்போது எந்திரிச்சு நடனு சொன்னா கோவம்தான் வரும், எனக்கும் வந்துச்சு. சாதாரண களைப்புன்னா படுத்தா போயிரும், இது படுக்கப் படுக்க கூடும். இதுக்கு மருந்த விட உடற்பயிற்சியும் மனசுக்கான ஆலோசனையும்தான் நல்லா கேக்குதுனு 113 ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்து 2017ல எழுதினாங்க. 2019ல அமெரிக்க ஸ்போர்ட்ஸ் மெடிசின் கல்லூரிங்கற மருத்துவ அமைப்பு கூட்டின நிபுணர்களும் அதத்தான் சொல்றாங்க, வாரத்துக்கு மூணு நாள் அரை மணி நேரம் மூச்சு கொஞ்சம் வாங்குற மாதிரி நடை, ரெண்டு நாள் தசைக்கு பயிற்சி, இவ்வளவு இருந்தா அசதி, பதட்டம், மனச்சோர்வு எல்லாம் கொறையும்னு. ஹார்மோன் மாத்திரையால வர்ற மூட்டுவலிக்கும் இதால நல்லது இருக்குனு 2015ல தனியா ஒரு ஆய்வு வந்திருக்கு, மாத்திரைய பாதில நிறுத்திட்டு உக்காந்திருக்குறவங்க இத கண்டிப்பா டாக்டர்கிட்ட பேசணும், ஏன்னா அந்த மாத்திரைய வலிக்கு பயந்து விடுறது ரொம்ப ஆபத்து.

சரி, இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் செய்ய முடியல? தனியா முடியாது, அதான் காரணம். வீட்ல தனியா டம்பெல்ல எடுத்தா மனசு முழுக்க அந்த கை மேலதான் இருக்கும், சின்னதா ஒரு இழுப்பு வந்தாலும் வீக்கமோ, இல்ல திரும்ப வந்துருச்சோனு கீழ வச்சிடுவோம். எனக்கு அது மாறினது ஒரு குழுல சேந்த பிறகுதான். எங்க ஃபிசியோ சொல்லித்தான் போனேன், எல்லாருமே இதே நோய் வந்த பெண்கள். அங்க ஒரு அக்கா, என்ன விட ரொம்ப மூத்தவங்க, ஆபரேஷன் பண்ணின பக்கத்து கையாலயே வெயிட்ட எடுத்து தோளுக்கு மேல தூக்கினாங்க. நான் அவங்க முகத்த பாக்கல, அந்த கையத்தான் பாத்துட்டே இருந்தேன். ஸ்லீவ் போட்டிருந்தாங்க, சட்டைக்கு மேட்சா கலர்ல. எறக்கி வச்சிட்டு இந்தா நீ பிடினு ரொம்ப சின்னதா ஒண்ண என் கைல குடுத்தாங்க. எத்தனையோ பேர் எவ்வளவோ தைரியம் சொல்லியிருக்காங்க, அதெல்லாம் காதோட போச்சு, இது உடம்புக்குள்ள போச்சு.

குழுன்னா வட்டமா உக்காந்து அழறதுனு நெறைய பேர் நெனச்சுக்கிட்டு வர மாட்டேங்கறாங்க. அப்படி உக்காந்து பேசறதும் சிலருக்கு நல்லா உதவும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா என் எதிர்ல உக்காந்து மனசுல இருக்கறத சொல்லுங்கனு கேட்டா எனக்கு பேச்சே வராது. பக்கத்துல பக்கத்துல நடக்கும்போது, முகத்த பாக்காம ரோட்ட பாத்துக்கிட்டு போகும்போது எல்லாம் தானா வருது. செக்கப்புக்கு முந்தின வாரம் தூக்கம் வராம இருக்கறது, எடுத்த மார்புக்கு பதிலா வைக்கிற சிலிகான் பேட் பயிற்சி பண்ணும்போது நகந்துபோனா என்ன பண்றது, எந்த உள்ளாடை தழும்புல உரசாது, திடீர்னு உடம்பெல்லாம் தீயா கொதிச்சு வேர்க்கறது, வீட்டுக்காரர் தொட வந்தா உடம்பு சுருங்கிக்கறது, கண்ணாடிய தவிர்க்கறது, இதையெல்லாம் அஞ்சு நிமிஷ ஃபாலோ-அப்ல எந்த டாக்டர்கிட்ட கேக்க முடியும்? அங்க கேட்டா எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுனு ஒரு குரல் வரும். ஒருத்தி ரெண்டு நாள் வரலைன்னா போன் போகும், வா, நடக்க வேண்டாம், சும்மா வந்து உக்காருனு. அந்த போனுக்காகவே திரும்ப வந்தவங்க உண்டு. ஆண்களுக்கும் இந்த நோய் அபூர்வமா வரும், இந்த நோய் வர்ற 100 பேர்ல ஒருத்தர் ஆணா இருந்தாலே அதிகம், அவங்களுக்கு பேச ஆளே இல்ல, அவங்களையும் சேத்துக்க வழி பண்ணணும்னு எனக்கு ஆசை.

இதுவும் புது விஷயம் இல்ல. நியூயார்க்ல டெரீஸ் லாசர்னு ஒருத்தங்க, மார்பக ஆபரேஷனுக்கு அப்புறம் யாரும் எதுவும் சொல்லித்தரலையேனு 1952ல தானே மத்த பெண்கள போய் பாக்க ஆரம்பிச்சாங்க. கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, தற்காலிகமா வச்சுக்க ஒரு பேட், இதுகளோட போவாங்க. 1969ல அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி அத தன்னோட திட்டமாவே எடுத்துக்கிச்சு. அனுபவிச்சவங்க வந்து பக்கத்துல நிக்கறதும் கைக்கு பயிற்சியும் அன்னிக்கே ஒரே பைல இருந்திருக்கு. நாம எப்ப அத ரெண்டா பிரிச்சோம்னு தெரியல.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பா இருப்பேன். இத மருந்துக்கு பதிலா யாரும் விக்கக்கூடாது, நோயாளி மேல பழியாவும் போடக்கூடாது. குழுல இருந்தா ஆயுள் கூடும்னு 1989ல ஒரு ஆய்வு வந்து பெரிசா பேசினாங்க, 2001ல 235 பெண்கள வச்சு திரும்ப பாத்தப்ப ஆயுள் கூடல, ஆனா மனசு லேசாச்சு, வலி கொறஞ்சுது. எனக்கு அது போதும், அதுக்காகவே போலாம். வாரத்துக்கு மூணுலருந்து அஞ்சு மணி நேரம் நடந்த பெண்கள்ல இறப்பு கொறைவா இருந்துச்சுனு 2005ல கிட்டத்தட்ட 3000 பேர தொடர்ந்து பாத்து எழுதினாங்க, ஆனா அது பிரிச்சு சோதிச்ச ஆய்வு இல்ல, உடம்பு நல்லா இருக்கறவங்கதான் அதிகமா நடப்பாங்கங்கறதும் அதுல கலந்திருக்கும். 2025ல பெருங்குடல் புற்றுநோய்ல சிகிச்சை முடிஞ்ச 889 பேர ரெண்டா பிரிச்சு ஒரு பிரிவுக்கு 3 வருஷம் பயிற்சி குடுத்து பாத்தப்ப, பயிற்சி பண்ணினவங்களுக்கு நோய் திரும்பறது கொறைஞ்சிருந்துச்சு. நம்பிக்கை தர்ற செய்திதான், ஆனா அது வேற புற்றுநோய், அப்படியே எடுத்து இங்க ஒட்ட முடியாது. எங்க குழுல ஒரு நாள் கூட தவறாம வந்தவங்க ஒருத்தங்களுக்கு நோய் திரும்ப வந்துச்சு. அவங்ககிட்டயே ஒருத்தர் நீங்கதான் எக்சர்சைஸ் எல்லாம் பண்ணீங்களே, அப்புறம் எப்படினு கேட்டாராம். யாரும் யாரையும் இப்படி கேக்காதீங்க. அவங்க இப்பவும் வர்றாங்க, டாக்டர் அனுமதிச்ச அளவுக்கு மட்டும், நாற்காலில உக்காந்து. அவங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கள விட அதிகமா தேவைப்படுது.

அதனால நான் கேக்கறது இதுதான். ஆபரேஷனுக்கு முன்னாடியே ரெண்டு கையோட சுற்றளவையும் அளந்து குறிச்சு வைங்க, அப்பதான் பின்னாடி வீக்கம் வந்தா சீக்கிரம் தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டுல மருந்தோட சேத்து ஃபிசியோவ பாக்க வேண்டிய தேதியையும் எழுதுங்க. கேன்சர் பத்தி தெரிஞ்ச ஃபிசியோ எல்லா ஆஸ்பத்திரிலயும் இருக்க மாட்டாங்க, அது எனக்கு புரியுது, ஆனா அதே ஆஸ்பத்திரில சிகிச்சை முடிஞ்சு நல்லா நடமாடுற பெண்கள் இருக்காங்க இல்ல, அவங்க சம்மதத்தோட புதுசா வர்றவங்களுக்கு அறிமுகம் பண்ணிவைக்க பெரிய செலவு எதுவும் இல்லையே. வாரம் ஒரு நாள் ஒரு ஹால தெறந்து விட்டாலே போதும், மிச்சத்த நாங்க பாத்துக்குவோம்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அக்டோபர் வந்தா பிங்க் ரிப்பன் போட்டு சிறப்புப் பக்கம் போடுறீங்க, அதுல பாதிய கண்டுபிடிக்கறதுக்கு குடுங்க, பாதிய அதுக்கப்புறம் வாழறதுக்கு குடுங்க. ஒரு ஃபிசியோதெரபிஸ்டயும் ஒரு புற்றுநோய் டாக்டரையும் கூப்பிட்டு வாசகர் கேள்விக்கு பதில் சொல்ல வைங்க. முதல் கேள்விய நானே அனுப்பிடறேன், படிக்கிற யாரா இருந்தாலும் அடுத்த செக்கப்ல இதையே அவங்க டாக்டர்கிட்டயும் கேளுங்க: என் கை எவ்வளவு தூக்கலாம், எதுலருந்து ஆரம்பிக்கணும், யார் எனக்கு கத்துக்குடுப்பாங்க?

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி